டயரில் காற்று இருக்கிறது, கார் மட்டும் சரிந்து கிடக்கிறது: எயார் சஸ்பென்ஷன் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளம்தான் கார் தரிப்பிடம். ஒரு ஞாயிறு காலை வாட்சர் ஐயா போன் எடுத்தார். “தம்பி, உங்கட காருக்குக் காத்துப் போயிட்டுது போல. ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு.” இறங்கிப் போய்ப் பார்த்தால் நாலு டயரும் கல்லுப்போல் இருக்கின்றன. முன் இடது சில்லில் மட்கார்ட் டயரின்மேல் உட்கார்ந்திருக்கிறது, இடையில் ஒரு விரல் நுழையவில்லை. வலது பக்கம் நாலு விரல் போகிறது.

கார் 20 வயது தாண்டிய ஜேர்மன் செடான், இரும்புச் சுருளில் அல்ல, காற்று நிரம்பிய றப்பர்ப் பலூன்களில் நிற்பது. கொண்டுபோன கராஜில், அந்தப் பலூன்களுக்குக் காற்றடிக்கும் கொம்பிரசர் போய்விட்டது என்றார்கள். மாற்றினேன். கார் அன்றே எழும்பியது, எனக்கும் நிம்மதி. ஐந்து மாதத்தில் புதுக் கொம்பிரசரும் எரிந்தது. உண்மையான காரணம் முன் இடது பலூனின் மடிப்பில் இருந்த, நகக்கீறல் அளவு வெடிப்பு. ஒழுகுகிற தாங்கிக்குப் பெரிய மோட்டர் பூட்டிய கதைதான். அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒழுங்கு இது: முதலில் அளவு, அப்புறம் ஒழுக்கு, கடைசியில்தான் கொம்பிரசர்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரையே எல்லோரும் இழுத்து ஓட்டினோம். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் பல கார்கள் கிழமைக்கணக்கில் அசையாமல் கிடந்தன. காற்று இறங்கிய நிலையில் நாள்பட நின்றால் பலூன் றப்பர் மடிந்த இடத்திலேயே இறுகி, அப்புறம் அங்கேயே வெடிக்கும். இன்று கராஜ்களுக்கு வருகிற சரிந்த கார்களில் ஒரு பங்குக்கு அந்தக் காலத்தையும் நான் குற்றம் சொல்வேன்.

உள்ளே நடப்பது

இரும்புச் சுருளுக்குப் பதிலாக ஒவ்வொரு மூலையிலும் ஒரு றப்பர்ப் பை. பாதுகாப்பு எயார் பேக்கோடு குழம்பாமல் இருக்க இதைப் பலூன் என்றே எழுதுகிறேன். உள்ளே சுமார் 6 முதல் 10 பார் அழுத்தம், அதாவது சாதாரண டயரைப்போல் மூன்று நாலு மடங்கு. கொம்பிரசர் காற்றை அடிக்கும். அந்தக் காற்று சிலிக்கா ஜெல் மணிகள் நிறைந்த டிரையர் வழியாக வால்வு புளொக்குக்குப் போய், அங்கிருந்து மெல்லிய நைலோன் குழாய்களில் நாலு மூலைக்கும் பிரியும். உயரத்தை லெவல் சென்சர்கள் சொல்லும், கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவெடுக்கும்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் டிரையரில் இருக்கிறது. கார் தாழும்போது வெளியேறும் காற்று அதே டிரையர் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. போகிற போக்கில் மணிகளிலுள்ள ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். டிரையர் தன்னைத் தானே காயவைத்துக்கொள்வது அப்படித்தான். எங்காவது ஒழுக்கு இருந்தால் காற்று அந்த வழியாகத் திரும்புவதே இல்லை. உள்ளே போவது ஈரக்காற்று, வெளியேறுவது ஒழுக்கு வழியாக. கொழும்புக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70, 80 சதவீதத்தில் நிற்கும். மணிகள் நனைந்து, உடைந்து, மாவாகி வால்வுகளுக்குள் போகும். ஆகவே ஒரு சின்ன ஒழுக்கு கொம்பிரசரை அதிக நேரம் ஓடவைத்துக் கொல்கிறது, டிரையரை நனைத்து வால்வு புளொக்கையும் கெடுக்கிறது. நான் இரண்டாவது கொம்பிரசரைக் கழற்றியபோது டிரையருக்குள் இருந்தது ஊறிய சவ்வரிசிபோல் ஒரு கூழ்.

கை வைக்கும் முன்

இந்த ஒரு இடத்தில் விளையாட வேண்டாம். பலூனில் நிற்கும் கார் எந்த நேரமும் இறங்கலாம். கதவைத் திறந்து மூடினாலே சில கார்களின் பெட்டி விழித்து உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் அப்போது உங்கள் கை இருந்தால் எடுக்க நேரம் கிடைக்காது. ஜாக்கில் தூக்கி, உடலைத் தாங்கும் இடங்களில் ஸ்டாண்ட் வைத்து, சஸ்பென்ஷன் பியூசைக் கழற்றிய பிறகே கீழே போங்கள். குழாய் நட்டைக் கழற்றுவதென்றால் ஸ்கேனரால் காற்றை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தி, சீறுவது நின்ற பிறகே முழுதாகக் கழற்றுங்கள்.

வேண்டிய சாமான் அதிகமில்லை. அளவு டேப், மல்டிமீட்டர், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே போத்தல், அப்புறம் உங்கள் கார் வகையின் சஸ்பென்ஷன் பெட்டியோடு பேசக்கூடிய ஸ்கேனர். போனில் புளூடூத்தால் இணைக்கும் மலிவுச் சாமான் பெரும்பாலும் எஞ்சினை மட்டும்தான் வாசிக்கும், அதை நம்பிப் பயனில்லை.

எந்த அறிகுறியானாலும் முதல் இரவில் செய்வது

ஓடி வந்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் கீழ் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றின் வித்தியாசமும் கணக்கில் சேர்ந்துவிடும். இனி பியூசைக் கழற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு அளவு, படுக்கப்போகும்போது ஒன்று, விடிய ஒன்று.

பியூசைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 முதல் 2009 வரை வந்த லாண்ட் ரோவர் டிஸ்கவரி 3 போன்ற வாகனங்கள் நிறுத்தியிருக்கும்போதும் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்றவற்றையும் இறக்கும். ஒழுகுவது ஒன்று, காலையில் இறங்கியிருப்பது நாலும். நாலு பலூனும் போய்விட்டன என்று நினைத்து விலை கேட்கப் போனவர்களை எனக்குத் தெரியும். பியூஸ் இல்லாமல் விட்டால் குற்றவாளி மட்டும் இறங்கும்.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் பயப்பட வேண்டாம். இரவில் வெப்பம் 30 பாகையிலிருந்து 25க்கு இறங்கினால் காற்று சுமார் 1.6 சதவீதம் சுருங்கும், அதுதான். நாலும் ஒரேயளவு, சிறிதாகக் குறைந்தால் இயற்கை. ஒரு மூலை 20, 30 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் ஒழுக்கு.

காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கியிருக்கிறது

மிக அதிகமாக வரும் அறிகுறி இதுதான். சந்தேகப் பட்டியலில் மூன்று பேர்: அந்த மூலையின் பலூன், அதற்குப் போகும் குழாயின் இரு முனை இணைப்புகள், வால்வு புளொக்கில் அந்த மூலைக்குரிய வால்வு.

முதலில் சவர்க்காரத் தண்ணீர். காரை உயர்த்தி, எஞ்சினை நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டு பலூனின் மடிப்பு, மேல் மூடி, குழாய் ஏறும் நட்டு மூன்றுக்கும் அடியுங்கள். அடித்ததும் ஒன்றும் தெரியாது. அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு நிமிடம் டோர்ச் அடித்தபடி பொறுத்திருந்தால் ஒரு இடத்தில் மட்டும் வெள்ளை நுரை, பொடி முட்டைபோல் கூடிக் கூடி வரும். பல கார்களில் முன் பலூனைச் சுற்றி உலோக உறையும் தூசி மறைப்பும் இருக்கும், வெடிப்பு கண்ணில் படாது. அப்போது மறைப்பின் கீழ் விளிம்பில் நுரை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நுரை வரவில்லையா? உயரத்தை மாற்றிப் பாருங்கள். பலூன் வெடிப்பது பெரும்பாலும் அது உருண்டு மடியும் இடத்தில், அதாவது கார் எப்போதும் நிற்கும் உயரத்தில். ஒரு இரவு சாதாரண உயரத்திலும் மறு இரவு உயர்த்திய நிலையிலும் விடுங்கள். ஒரு உயரத்தில் ஒழுகி மறு உயரத்தில் நின்றால் அது றப்பர். வெடிப்பு மடிப்புக்குள் போனதும் வாய் மூடிக்கொள்கிறது. இரு உயரத்திலும் ஒரேமாதிரி இறங்கினால் இணைப்பு அல்லது வால்வு.

இந்த இரண்டையும் பிரிக்க நான் பயன்படுத்தும் வழி கொஞ்சம் வேலை, ஆனால் சந்தேகமே வைக்காது. வால்வு புளொக்கில் அந்த மூலையின் குழாயைக் கழற்றி, முனையில் ஒரு டயர் வால்வைப் பூட்டுவது. குழாய் காரைப் பொறுத்து 4 அல்லது 6 மில்லிமீட்டர் இருக்கும். அதற்கான இணைப்பு, காற்றுக் கருவிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். உடலை ஜாக்கில் தாங்கிக்கொண்டு, டயர்க்கடைக் கொம்பிரசரால் மெல்ல மெல்லக் காற்றடித்து வழக்கமான உயரத்துக்குக் கொண்டுவந்து ஒரு இரவு விடுங்கள். காலையில் அப்படியே நின்றால் பலூனும் குழாயும் நல்லவை, வால்வு புளொக்தான் விடுகிறது. இறங்கினால் புளொக் தப்பியது.

குழாய் இணைப்பில் ஒழுக்கு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். குழாய் முனையை கூரான பிளேட்டால் நேராக ஒரு சென்ரிமீட்டர் வெட்டி, புது இணைப்புப் போட்டால் சரி. வயர் வெட்டும் குறட்டால் நசுக்கி வெட்டினால் முனை முட்டை வடிவமாகும், அதே இடத்தில் மறுபடி ஒழுகும்.

முன் இரண்டும் அல்லது பின் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன

பியூஸ் இல்லாமலும் இரண்டும் ஒரே அளவு இறங்கினால், இரு பலூனும் ஒரே நாளில் ஒரே அளவில் வெடித்திருக்க வாய்ப்புக் குறைவு. வால்வு புளொக்கைப் பாருங்கள். கழற்றித் திறந்தால் உள்ளே வெள்ளைத் தூள் இருக்கும், டிரையர் மாவாகிய கதைதான். ஓ-ரிங் எனும் றப்பர் வளையங்களை மாற்றிச் சுத்தம் செய்து பிழைக்கவைக்கலாம். ஆனால் டிரையரை அப்படியே விட்டுவிட்டுப் புளொக்கை மட்டும் சுத்தம் செய்தால் சில மாதத்தில் திரும்ப வருவீர்கள்.

கொம்பிரசர் நெடுநேரம் கத்துகிறது, கார் மெல்லத்தான் எழும்புகிறது

ஒழுக்கு இல்லையென்று மேலே சொன்ன இரவு நிரூபித்த பிறகே இந்தப் பகுதிக்கு வர வேண்டும்.

முதலில் காற்று உள்ளே இழுக்கும் வடிகட்டி. தூசியும் ஈரமும் சேர்ந்து அடைத்திருந்தால் எந்தக் கொம்பிரசரும் மூச்சுத் திணறும். அடுத்து மின்சாரம். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ட் அளவில் இருக்க, ஓடிக்கொண்டிருக்கும் கொம்பிரசரின் முனையில் 11தான் வருகிறது என்றால் வழியில் எங்கோ அரிப்பு. மரைன் டிரைவ் பக்கம் வருடக்கணக்கில் நிறுத்தும் கார்களில் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் பச்சைப் பொடி கொட்டும். கடற்காற்றின் வேலை. தேய்த்துச் சுத்தம் செய்து கிறீஸ் பூசினாலே சில கார்கள் எழும்பிவிடும்.

மின்சாரம் சரி, ஒழுக்கு இல்லை, ஆனாலும் மெதுவாகத்தான் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ரிங், சிலிண்டர், டிரையர் மணி சேர்ந்த பழுதுபார்ப்புச் செட் பல வகைக் கொம்பிரசர்களுக்குக் கிடைக்கிறது. ரிங் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும்போது ஒரு படம் எடுத்து வையுங்கள். மணிகள் உடையாமல் ஈரமாக மட்டும் இருந்தால் சுமார் 120 பாகையில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஆனால் கேக் சுடும் அவனில் வேண்டாம், நிறம் மாறும் நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கலாம்.

கொம்பிரசரோடு, அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயையும் மாற்றிவிடுங்கள். விலை அற்பம். விட்டால் என்ன நடக்கும் என்பது அடுத்த அறிகுறி.

திறப்பை எடுத்த பிறகும் கொம்பிரசர் நிற்கவில்லை

ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டன. யோசிக்காமல் ரிலேயைப் பிடுங்குங்கள், கை சுடும், துணி பிடியுங்கள். கொம்பிரசர் சில நிமிடம் ஓடுவதற்குச் செய்தது, விட்டால் பற்றரியும் போகும், அதுவும் எரியும். பழைய ரிலேயைத் தட்டி மறுபடி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

கொம்பிரசர் சத்தமே இல்லை

பியூஸ், அடுத்து ரிலே. இரண்டும் நல்லதென்றால் ரிலே குழியில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு துளைகளையும், நடுவில் 30 அம்பியர் பியூஸ் உள்ள தடித்த வயரால் சில விநாடி இணையுங்கள். கொம்பிரசர் ஓடினால் மோட்டரும் வயரும் உயிரோடு இருக்கின்றன, கட்டளைதான் வரவில்லை. பற்றரி வோல்ட் குறைவு, சென்சர் பிழை, முன்பு ஒரு தடவை அளவுக்கு மிஞ்சி ஓடியதால் பதிந்த பிழைக்குறி என்று ஏதாவது ஒன்று பெட்டியைத் தடுத்திருக்கும். ஸ்கேனரில் குறியை வாசித்து, காரணத்தைத் தீர்த்து, அழித்தால் ஓடும். இணைத்தும் ஓடாவிட்டால் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் அசையாவிட்டால் மோட்டர் போய்விட்டது.

ஒழுக்கு இல்லை, ஆனாலும் கார் கோணலாக நிற்கிறது

இரவு முழுக்க அளவு மாறவில்லை, ஆனால் ஒரு மூலை எப்போதும் கூடியோ குறைந்தோ நிற்கிறது என்றால் லெவல் சென்சரைப் பிடியுங்கள். சில்லைத் தாங்கும் லோவர் ஆர்மிலிருந்து சென்சருக்கு ஒரு சிறு கம்பி போகும், இரு முனையிலும் சின்னப் பந்து மூட்டு. அது துருப்பிடித்து இறுகினாலோ வளைந்தாலோ பெட்டிக்குப் பொய்ச்செய்தி போகும். எனக்கு ஒருமுறை டயர் மாற்றிக்கொண்டு வந்த அடுத்த நாளே கார் வலது பக்கம் தூக்கி நின்றது. ஜாக்கை வைத்த இடத்தில் அந்தக் கம்பி நசுங்கியிருந்தது. கையால் நிமிர்த்தி வீடு வந்தேன், பிறகு புதிதாக மாற்றினேன்.

ஸ்கேனரில் நாலு உயரத்தையும் திறந்து வைத்துக்கொண்டு, காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி (எண்ணை வாசிக்க மின்சாரம் வேண்டும், ஆகவே இந்தச் சோதனைக்கு மட்டும் பியூஸ் உள்ளே இருக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் கை வைக்காதீர்கள்), கம்பியைச் சென்சர் முனையில் விடுவித்து, சென்சரின் கையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எண் வழுக்கிக்கொண்டு மாற வேண்டும். இடையில் ஒரு இடத்தில் குதித்தால் சென்சர் உள்ளே தேய்ந்துவிட்டது. சில கார்களில் பின்னுக்கு ஒரே ஒரு சென்சர்தான், அதனால் பின்பக்க இடது வலது கோணலுக்குச் சென்சரைக் குற்றம் சொல்ல முடியாது.

மழைக்குப் பிறகு மட்டும் பிழை

ஒரு மணி நேரம் மழை அடித்து ஊற்றினால் கொழும்பு ஆமர் வீதியில் தண்ணீர் கட்டுவது எல்லோருக்கும் தெரியும். கொம்பிரசர் பம்பருக்குப் பின்னால் அல்லது சில்லுக்கு முன்னால் தாழ்வாக இருக்கும் கார்கள் பல. அந்தத் தண்ணீருக்குள் இறங்கினால் வடிகட்டி வழியாக உறிஞ்சும். ஓட்டித்தான் ஆகவேண்டுமென்றால் முன்கூட்டியே உயர்த்திவிட்டு இறங்குங்கள், தண்ணீருக்குள் நின்று பொத்தானை அழுத்தாதீர்கள். பிழை வெயில் காய்ந்ததும் போய்விட்டால் சென்சர் இணைப்பிகளுக்குள் ஈரம். இணைப்பி ஒவ்வொன்றாகத் திறந்து, மின் தொடர்பு சுத்திகரிப்பான் அடித்து, முத்திரை றப்பரைப் பாருங்கள்.

மழையோடு சம்பந்தமில்லாத இன்னொன்று: கார் உயர்ந்த நிலையிலேயே நின்று கீழே வரமாட்டேன் என்றால் வெளியேற்றும் வால்வு அடைத்திருக்கிறது. டிரையர்த் தூள்தான் முதல் சந்தேகம்.

சரி, எதை வாங்குவது?

பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும்தான். ஆனால் கழற்றிய பலூனை வாங்காதீர்கள், அது எவ்வளவு பளபளத்தாலும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயது றப்பரைத் தின்னும். உங்கள் கார் வயதுக் காரிலிருந்து கழற்றியது உங்கள் பலூன் வயதுதான். வால்வு புளொக், லெவல் சென்சர், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம், ஆனால் பகுதி எண் ஒரு எழுத்தும் மாறாமல் பொருந்த வேண்டும்.

பலூனையெல்லாம் எறிந்துவிட்டு இரும்புச் சுருள் போடச் சொல்லும் கராஜ் பாஸ்மார் அதிகம். அவர்கள் சொல்வதில் பணக்கணக்கு சரி. விற்கப்போகிற காருக்கு நானும் தலையாட்டலாம். வைத்திருக்கப்போகிற காருக்கு வேண்டாம் என்பேன். எடைக்கேற்ற சுருளும் அதற்கு ஒத்த ஷொக் அப்சோபரும் சேர்ந்து வந்தால் ஒழிய, காலி வீதியில் ஒவ்வொரு மான்ஹோல் மூடியையும் முதுகெலும்பு எண்ணும். எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனி வேலை.

பலூன் மாற்றும்போது ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்ற முடிந்தால் நல்லது, இரண்டும் ஒரே வயது. பூட்டிய பிறகு காரை இறக்க அவசரப்பட வேண்டாம். காற்றில்லாத பலூனின்மேல் காரின் எடை இறங்கினால் மடிப்பு தவறாக நசுங்கி, புதுப் பலூன் முதல் நாளிலேயே வெடிக்கும். சில்லு தொங்கும் நிலையில் ஸ்கேனரால் காற்றை நிரப்பி, மடிப்பு சுற்றிவர ஒழுங்காக உருண்டிருக்கிறதா என்று பார்த்தபிறகே ஜாக்கைத் தளர்த்துங்கள். ஆர்ம் மூட்டிலுள்ள றப்பர்ப் புஷ்களின் போல்ட்டுகளை இறுதியாக இறுக்குவது கார் ஓட்ட உயரத்தில் நிற்கும்போது. தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். உயரத்தை ஸ்கேனரில் திருத்தி அமைத்த பிறகு வீல் எலைன்மென்ட், முன்னால் செய்தால் அது வீண்.

எல்லாம் முடிந்து ஒரு கிழமைக்கு அந்த டேப்பைக் காரிலேயே வைத்திருங்கள். நான் ஏழு நாள் காலையிலும் நாலு சில்லையும் அளந்தேன், கழித்த சிகரெட் பெட்டி மட்டையில் எழுதி வாட்சர் ஐயாவின் மேசையில் விட்டேன். எட்டாம் நாள் நான் இறங்கி வருமுன் அவரே அளந்து எழுதியிருந்தார்: முன் இடது, ஒரு மில்லிமீட்டர் குறைவு.